ஒண்ணுமில்லலா

யாரையும் பார்த்து, “உடம்பு எப்படி இருக்கு?” என்று அவர் கேட்டதே இல்லை. அவரே சொல்லிவிடுவார். “ஒண்ணுமில்லலா.”

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய டிராவல் ஆபீஸ் இருந்தது. படிக்கட்டு செங்குத்து. வருகிறவர்கள் பாதிப் பேர் பென்ஷன்காரர்கள். ஏறி வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைத் தடவுவார்கள். நாற்காலியைக் காட்டுவதற்கு முன்னால் இவர் வாயிலிருந்து அது வந்துவிடும். “ஒண்ணுமில்லலா அங்கிள், வாங்க, உக்காருங்க.” மூச்சு வாங்கிய மனிதரும் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பி, சிரித்துக்கொண்டே உட்காருவார். அப்படி ஒரு குரல் அது. கோயில் மைக்கில் அறிவிப்பு செய்கிறவர் குரல் போல, கேட்டால் மறுத்துப் பேசத் தோன்றாது.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ நடுநிலையாக நின்று பேசுகிறேன் என்று நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

நானும் என் அக்காவும் கிள்ளானில் கேட்டரிங் செய்துகொண்டிருந்தோம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் எங்கள் சமையல்தான். எங்கள் என்று சொல்வது பேச்சுக்கு. சமையல் அக்காவுடையது, லோரி பிடிப்பது, ஆள் பிடிப்பது, சண்டை பிடிப்பது என்னுடையது. அக்கா உப்பு ருசி பார்த்து நான் பார்த்ததில்லை. அண்டாவை ஒரு பார்வை பார்ப்பாள். கையை டின்னில் விட்டு அள்ளிப் போடுவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். ஐநூறு பேர் சாப்பிட்டாலும் ஒருத்தர் உப்புக் கேட்க மாட்டார்.

அந்தக் கைக்காகத்தான் அவர் எங்களைத் தேடி வந்தார். நம் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் ரெண்டு நாள் அந்த ஊர் சாப்பாட்டைப் படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு ரசம் கேட்பார்கள். அதனால் அவருடைய குரூப் டூரில் சமையல்காரர்களும் போவது வழக்கம். நாங்கள் அவரோடு காசிக்குப் போனோம், துருக்கிக்குப் போனோம். ஹோட்டல்காரனிடம் பேசிப் பின்கட்டில் ஒரு அடுப்பை எங்களுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவார். அதில் கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவர் கெட்டிக்காரத்தனத்துக்குப் பாதி அதிர்ஷ்டமும் துணை. ஒரு தடவை கோயில் சுற்றுலா முடிந்து திரும்பும்போது, செராஸ் பக்கம் ஜாமில் பஸ் நின்றுபோனது. ஏர்கோன் போய்விட்டது. பின் சீட்டில் ஒரு அம்மாவுக்குக் கண் சொருகியது. மகள் கத்தினாள். இவர் மைக்கை எடுத்தார். “ஒண்ணுமில்லலா, எல்லாரும் கையைத் தட்டுங்க” என்று பஜனைப் பாட்டு ஒன்றை ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸே பாடியது. நானும் அக்காவும்தான் அந்த அம்மாவின் வாயில் சீனித் தண்ணீரை ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பல வருஷம் இந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதில் பாட்டு இருக்கும், சீனித் தண்ணீர் இருக்காது. “ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல?” என்று முடியும்.

அக்கா அன்று வீட்டுக்கு வந்து சிரித்தாள். “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்வாங்க. இவருக்கு வந்தாலும் தெரியாது போல.”

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கறுப்பு நிறத்தில் ஒரு பை, நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டியிருப்பார். வெளிநாட்டில் இறங்கி இமிகிரேஷன் தாண்டியதும் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி அதில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார். கவுண்டரில் அவரே எடுத்துக் காட்டுவதோடு சரி, ஊர் திரும்பும்வரை எங்கள் கைக்கு வராது. சாப்பிடும்போதும் அந்தப் பை மடியில் இருக்கும். கக்கூஸுக்கும் அதோடுதான் போவார். “என்கிட்ட இருந்தாத்தான் உங்களுக்கு நிம்மதி” என்பார். உண்மையில் எல்லாருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. தொலைக்கிற பயம் இல்லை, தேடுகிற வேலை இல்லை. பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டோம் என்பதே மறந்துபோகும்.

கோவிட் முடிந்து எல்லாருக்கும் கால் அரித்த நேரம். ஆபீஸ் சுவரில் புதிதாக ஒரு பெரிய படம் ஒட்டினார். பெரு நாடு. தென்னமெரிக்காவில் எங்கேயோ இருக்கிறது என்பதற்கு மேல் எங்களில் யாருக்கும் தெரியாது. படத்தில் மூன்று வண்ணம். கடலோரம் ஒல்லியாக ஒரு மஞ்சள் பட்டை. நடுவில் மேலிருந்து கீழே ஓடும் பழுப்பு. வலப்பக்கம் முழுக்கப் பச்சை.

“ஒரே நாடு, மூணு உலகம்” என்று ஆள்காட்டி விரலை இடமிருந்து வலமாக இழுப்பார். “இது கடற்கரை, எல்லாம் பாலைவனம். மழையே பெய்யாது. இது மலை. மேகம் உங்க காலுக்குக் கீழ போகும். இந்தப் பக்கம் இறங்கினா காடு. பாத்தா நம்ம பாஹாங் காடு மாதிரியே இருக்கும். இங்க நமக்கு என்ன இருக்கு? வருஷம் பூராவும் ஒரே வெயில், ஒரே மழை.”

கேட்கக் கேட்க எனக்கே ஆசை வந்தது. பக்கத்துக் கடற்கரையான போர்ட் டிக்சனைத் தாண்டாத பெண்கள் எல்லாம் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சாலாக் செலாத்தானிலிருந்து வந்த ரிட்டயர்ட் டீச்சர் ஒருவர் மட்டும் கேட்டார். “மலை ரொம்ப உயரமாமே? மூச்சு முட்டும்னு என் மகன் சொல்றான்.”

“கெந்திங் போனதில்லையா டீச்சர்?”

“போயிருக்கேன்.”

“அந்த மாதிரி ரெண்டு கெந்திங். ஒண்ணு மேல ஒண்ணு வச்சா எவ்ளோ, அவ்ளோதான். ஸ்வெட்டர் எடுத்துக்குங்க. ஒண்ணுமில்லலா.”

எல்லாரும் சிரித்தார்கள். நமக்கு மலை என்றால் கெந்திங்தான், இல்லாவிட்டால் கேமரன். பஸ்ஸில் ஏறினால் காது அடைக்கும், எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும். அவித்த சோளம் சாப்பிட்டு, படம் எடுத்து, சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடலாம். மலை ஆளை அடிக்கும் என்று இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்குத் தெரியும்?

அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு வருகிறேன்.

பெருவில் உள்ள ஏஜென்ட், மெதுவாக ஏற வேண்டும், நடுவில் தாழ்வான ஊரில் தங்கிப் பழக வேண்டும் என்று சொன்னானாம். இதையும் இவர் ஒரு ஜோக்காகத்தான் சொன்னார். “நம்ம ஆளு சும்மா உக்காந்திருக்கவா காசு கட்டுறான்? கஷ்டமானதை முதல்ல முடிச்சிடுவோம். மலையை முடிச்சிட்டுக் காட்டுல போய் ரெஸ்ட் எடுப்போம்.” எங்களைப் பார்த்து, “குக்கர் எடுக்காதீங்கக்கா, வெயிட்டு. அண்டா போதும்” என்றார்.

முதலில் இறங்கிய தலைநகரம் கடலோரத்தில் இருந்தது. வானம் நாள் முழுக்கச் சாம்பல் நிறம். இதோ மழை கொட்டப்போகிறது என்று தோன்றும், கொட்டாது. குன்றெல்லாம் பொட்டல், ஒரு புல் கிடையாது. சந்தையில் மீன் குவிந்து கிடந்தது. அக்கா குனிந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். “கிள்ளான் பாசார்ல இந்த மாதிரி மீனைப் பாத்து எவ்ளோ காலமாச்சு” என்றாள். சோறு மல்லிகைப்பூவாக வெந்தது. அக்கா சந்தோஷமாக இருந்தாள். அதனால் அந்த ஊர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

காலையில் அவருக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அட்டையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு விழுங்கினார்.

“பிரஷருக்கா சார்?”

“ஆமாம்மா. வயசாச்சுல்ல.”

மறுநாள் காலையிலும் கொடுத்தேன். அன்றுதான் மலைக்குப் பறந்தோம்.

விமானத்தின் கதவைத் திறந்ததும் குளிர் மூஞ்சியில் அறைந்தது. வானம் கறிக்கடைக் கத்தி போலப் பளபளவென்று நீலமாக இருந்தது. வெயிலில் நின்றால் தோல் எரியும், நிழலுக்கு நகர்ந்தால் பல் கிட்டும். கடல் மாதிரி ஒரு ஏரி. மரமே இல்லாத மஞ்சள் புல்வெளி. தொப்பி போட்ட பெண்கள் முதுகில் வண்ணத் துணி மூட்டையோடு எதுவும் நடக்காதது போல ஏறிப் போனார்கள். நாங்கள் பத்தடி நடந்துவிட்டு நின்றோம்.

ஹோட்டலில் ஒரு பெண் தட்டில் டம்ளர்களோடு காத்திருந்தாள். சுடுதண்ணீரில் பச்சை இலைகள் மிதந்தன. தலைக்கு நல்லது என்று கையால் தலையைத் தொட்டுக் காட்டினாள். அக்கா ஒரு டம்ளரை எடுத்துவிட்டாள், பின்னாலேயே எல்லாரும் எடுத்தோம்.

“யாரும் தொடாதீங்க!” இவர் குறுக்கே வந்து நின்றார். “அது கோக்கா இலை. டிரக்ஸ் எடுக்கிற இலை. ஊருக்குப் போனதும் ஏர்போர்ட்ல யூரின் டெஸ்ட் எடுத்தான்னா என்ன பண்ணுவீங்க? நம்ம ஊரு சட்டம் தெரியும்ல?”

நம் ஊரில் விமானம் இறங்கும்போதெல்லாம் காதில் விழும் அறிவிப்பு அது. கடத்தினால் தூக்கு. அந்த ஒரு நினைப்பில் அத்தனை கையும் டம்ளரைத் திருப்பி வைத்தன, அக்காவின் கையும் என் கையும் உட்பட. அந்தப் பெண் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்த இலையால் அக்கா தப்பியிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. எது மருந்து, எது விஷம் என்று முடிவு செய்கிற வேலையையும் அவரிடமே கொடுத்திருந்தோம், அதைச் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் சோறு வேகவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி கல்லாகவே கிடக்கிறது. இன்னும் தண்ணீர் ஊற்றினோம். இன்னும் எரித்தோம். வெளியே குழைந்து உள்ளே நறநறவென்று இருந்தது. உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், அந்தச் சூடு அரிசிக்குப் போதாது, மூடி அழுத்துகிற குக்கர் வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்தது. அன்று அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் தன் கை தோற்றுவிட்டது என்பதுதான். அண்டாவின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அதற்கு முன்னால் அக்கா அழுது நான் பார்த்தது எங்கள் அம்மா செத்த அன்றுதான்.

அவர் பின்கட்டுக்கு வந்தார். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தார். “என்னக்கா, என் பேரைக் கெடுத்துட்டீங்களே” என்றார்.

“தலை வெடிக்குதுண்ணே. கண்ணு சுத்துது.”

“ஒண்ணுமில்லலா. பிளேன்ல தூங்கல, அதான். ரெண்டு பனடோல் போட்டுட்டு ராத்திரிக்கு ரசம் வைங்க, சரியாப் போயிடும்.”

அக்கா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ரசம் வைத்தாள். உப்பு டின்னுக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“போட்டேனா?”

அந்தக் கேள்வியை என் அக்கா கேட்டு நான் கேட்டதே கிடையாது.

அடுத்த நாள் பஸ் இன்னும் ஏறியது. ஏறி, ஒரு கணவாயில் நின்றது. பனிமலைக்கு முன்னால் படம் எடுக்க வேண்டுமாம். எல்லாரும் இறங்கினார்கள், டீச்சரும் அக்காவும் மட்டும் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா சீட்டில் சாய்ந்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். கேமராவுக்குச் சிரித்தபடியே, “குளிருக்கு எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும்” என்றார். அவர் உதடு நன்றாகத்தான் இருந்தது.

பஸ் போய்ச் சேர்ந்த பழைய ஊரும் மலைமேல்தான். மறுநாள் காலை அக்காவால் நேராக நடக்க முடியவில்லை. தண்ணி போட்டவர் நடப்பது போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் செத்துப்போன எங்கள் சித்தி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அன்று குரூப் ரயிலேறி, அந்த நாட்டின் பேர்போன கல்கோட்டையைப் பார்க்கப் போகிற நாள். வாசலில் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. நான் படியில் அவரை மறித்தேன்.

“சார், அக்காவுக்குப் புத்தி தடுமாறுது சார். கீழ கொண்டுபோகணும்னு இந்த ஹோட்டல் பொண்ணு சொல்லுது.”

“அவங்க பிசினஸுக்காகப் பயமுறுத்துவாங்கம்மா. நீ அவங்களோட இரு. இன்னிக்குச் சமையக்காரங்களுக்கு டிக்கெட் எடுக்கல. நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்.”

“அப்ப எங்க பாஸ்போர்ட்டையாவது குடுத்துட்டுப் போங்க.”

“எதுக்கு?”

“ஆஸ்பத்திரி, பிளேன், எதுக்காச்சும் கேட்டா?”

“என்கிட்ட இருந்தாத்தாம்மா உங்களுக்கு நிம்மதி. அந்நிய ஊர்ல தொலைச்சிட்டுத் தவிப்ப.” பையைத் தட்டிக்கொடுத்தார். “ஒண்ணுமில்லலா. பயம்தான் பெரிய சீக்கு.”

பஸ்ஸுக்குப் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினேன். கத்தினேன். அந்த ஊரில் கத்துவதற்கும் மூச்சு போதவில்லை.

ஹோட்டல் பெண்தான் டாக்சி பிடித்து, அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றி, கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் இளவயசுக்காரர். ஆக்ஸிஜன் வைத்தார். போனில் அவர் மொழியில் பேசி, அது தமிழாக்கி எழுதியதை எனக்குக் காட்டினார். மூளை வீங்குகிறது. ஆக்ஸிஜன் மட்டும் போதாது. இன்றைக்கே கீழே கொண்டுபோக வேண்டும். ரோட்டில் போனால் இன்னும் மேலே ஏறித்தான் இறங்க வேண்டும். மத்தியானம் காட்டுப்பக்கம் இறங்கும் விமானம் ஒன்று இருக்கிறது.

நான் வெறும் கையை விரித்துக் காட்டினேன். பாஸ்போர்ட் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அவருடைய போனுக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். மலையிடுக்கில் லைன் இல்லை.

டாக்டர் மேசையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி இன்னொன்று கேட்டார். மலை ஏறுவதற்கு முன்னால் இது கொடுத்தார்களா?

அதே அட்டை. அதே வெள்ளை மாத்திரை. நான் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேனே, அது. உயரத்துக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே போடுவது என்று போனில் தமிழ் எழுத்து வந்தது. ரெண்டு தடவை படித்தேன். அவருக்கு ஒன்றுமில்லாமல் இருந்ததற்குக் காரணம் அந்த அட்டையில் இருந்தது.

குரூப் எங்கே போயிருக்கிறது என்று டாக்டர் கேட்டார். ஹோட்டல் பெண் சொன்னாள். அவர் தலையை ஆட்டி, ஒரு கையை மேலே நீட்டினார், இது இந்த ஊர். இன்னொரு கையை அதற்கு நன்றாகக் கீழே நீட்டினார், அது அந்தக் கல்கோட்டை. படத்தில் பார்த்தால் மலை உச்சி போல இருக்கும். ஆனால் அது எங்களுக்கு வெகு கீழே, காட்டு ஓரத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஒரு டிக்கெட் எடுத்திருந்தால், அக்காவைத் தூக்கி அந்த ரயிலில் போட்டிருந்தால், அந்தக் காலையிலேயே கீழே இறங்கியிருப்பாள். அவர் இறங்கினார். இருபது பேரைக் கூட்டிக்கொண்டு நல்ல காற்றுக்கு இறங்கினார், எங்கள் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு.

மத்தியான விமானம் போய்விட்டது. அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நாசமாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இன்றைக்கும் அதை வாபஸ் வாங்கவில்லை.

இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். புதுத் தொப்பி வாங்கிப் போட்டிருந்தார். பின்னால் டீச்சரும் இன்னும் சிலரும் நின்றார்கள்.

“என்னம்மா, எப்படி இருக்காங்க? முகம் தெளிஞ்சிருக்கே.”

“அந்த மாத்திரை என்ன மாத்திரை சார்?”

“எது?”

“காலையில போடுறீங்களே, அது.”

பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரும்மா. எல்லாருக்கும் இதைச் சொல்லியிருந்தா யாரு வந்திருப்பா? மாத்திரை போட்டுட்டு ஏற வேண்டிய இடமான்னு பாதிப் பேர் கழண்டிருப்பாங்க. நான் பொறுப்பானவன், நான் படுத்துட்டா குரூப்பை யார் பாக்கிறது?”

அவர் நெஞ்சிலிருந்த பையைப் பிடித்து இழுத்தேன். வார் அவர் கழுத்தில் சிக்கி அறுந்தது. ஜிப்பை நானே திறந்து எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் தேடி எடுத்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அப்போதும் அவர் சொன்னார், “தொலைச்சிடாதேம்மா.”

மறுநாள் முதல் விமானத்தில் இறங்கினோம். சுவர்ப் படத்தில் பச்சை வண்ணம் அடித்த பக்கம். கதவு திறந்ததும் வெக்கை வந்து மூடியது. ஈர மண் வாசம், அழுகிய இலை வாசம், பூச்சிகளின் ரீங்காரம். ஆஸ்பத்திரித் தகரக்கூரையில் மழை சடசடவென்று கொட்டியது. சாயந்திரம் அக்கா கண்ணைத் திறந்தாள். மழையைக் கொஞ்ச நேரம் கேட்டாள். வேர்த்த கழுத்தைத் தடவினாள்.

“கிள்ளான் வந்துட்டோமா?”

“ஆமாக்கா, வந்துட்டோம்” என்றேன். வேறு என்ன சொல்வது?

ஊருக்கு அக்கா வந்தாள், முழுசாக வரவில்லை. வீங்கிய மூளை வடிந்தாலும் சில பேருக்குச் சிலது திரும்பாது என்று இங்கே உள்ள டாக்டர் சொன்னார். கை நடுங்குகிறது. நேற்று நடந்தது மறந்துபோகிறது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரம் வைக்க மறக்கிறாள். உப்புக்கும் சீனிக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, பார்த்தாலும் தெரியாது, நாக்கில் வைத்தாலும் தெரியாது. கேட்டரிங்கை மூடிவிட்டேன். இப்போது வேலைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாடு மட்டும் கட்டிக் கொடுக்கிறேன்.

குரூப் வாட்ஸ்அப்பில் ‘மறக்க முடியாத பயணம்’ என்று படங்கள் வந்தபடியே இருந்தன. கூடவே அவருடைய குரல் செய்தி ஒன்று: “அக்கா நல்லா நடந்து பிளேன் ஏறுனாங்க, எல்லாரும் பாத்தீங்கள்ல? ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல?” கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். போலீஸில் சொல்லப்போகிறேன் என்றதும் எனக்குத்தான் எல்லாரும் போன் போட்டார்கள். அக்கா உயிரோடுதானே இருக்காங்க, விடும்மா, அவர் நல்ல மனுஷன் என்று. டீச்சர் மட்டும் குரூப்பை விட்டு வெளியேறினார். ஒரு நாள் கொம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளான் வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

போன மாதம் அவர் வந்தார். எங்கள் வீட்டுக்கு, அதே சிரிப்போடு, பலகாரப் பெட்டியோடு. நெஞ்சில் அதே பை, வாரை மட்டும் மாற்றியிருந்தார். துரத்தியிருப்பேன். அதற்குள் அக்கா வாசலுக்கு வந்து, “வாங்கண்ணே, உக்காருங்க” என்றுவிட்டாள். அவளுக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை. கோபப்பட நினைவிருக்க வேண்டுமே.

“பாத்தியா, எவ்ளோ நல்லா இருக்காங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “ஒண்ணுமில்லலா. நீதான் பயந்து செத்த.”

அக்கா கோப்பி கலக்க உள்ளே போனாள்.

விஷயத்துக்கு வந்தார். அதே நாட்டுக்கு இன்னொரு குரூப். கடற்கரை, மலை, காடு என்று அதே விரலை எங்கள் மேசைமேல் இழுத்துக் காட்டினார். சமையலுக்கு நான் வர வேண்டுமாம். “உன் ருசி யாருக்கும் வராதும்மா” என்றார். அது யார் ருசி என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு பெரிய சலுகை தருகிறவர் போலச் சொன்னார்: “இந்தத் தடவை குக்கர் எடுத்துக்கலாம்.”

அந்த மலையிலிருந்து அவர் கற்றுக்கொண்டு வந்தது அவ்வளவுதான். சோறு வேகாது என்று.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அடுக்களை தெரியும். சீனியும் உப்பும் ஒரே மாதிரி மைலோ டின்னில் இருக்கும். அக்காவுக்காக உப்பு டின்னை அலமாரிக்கு மேலே வைப்பது வழக்கம். வேலைக்காரப் பெண் அன்று அதைக் கீழேயே விட்டிருந்தாள். அக்காவின் கை அந்த டின்னுக்குள் போனது. பழையபடி, பார்க்காமல், ஒரு அள்ளு. இன்னொரு அள்ளு. மற்ற நாளாக இருந்தால் எழுந்துபோய்க் கையைப் பிடித்திருப்பேன். நான் எழவில்லை.

நடுங்கிய கையோடு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஊதி ஒரு மடக்கு குடித்தார். முகம் கோணியது. டம்ளரை வைத்துவிட்டு, அக்கா நகரட்டும் என்று பார்த்து, என் பக்கம் குனிந்தார்.

“என்னம்மா இது, உப்பு! இவங்களுக்கு என்னமோ ஆயிருக்கும்மா. டாக்டர்கிட்ட காட்டினியா?”

இந்த வார்த்தைக்காகத்தான் அந்த மலையூரில் மூச்சில்லாமல் அவர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன். அவருடைய நாக்கில் பட்ட பிறகு வருகிறது.

அக்கா அடுக்களை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “சீனி போதுமாண்ணே?”

அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

“ஒண்ணுமில்லலா சார்” என்றேன். “குடிங்க.”

அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குடித்து முடிக்கும்வரை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.